சைக்ஸ், டைசன், வாக்கர்: மகனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள மகன் குமரனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். உன்னுடைய நலத்தையும் மருமகள் தேன்மொழியின் நலத்தையும் அறிய ஆவல். சென்ற ஞாயிற்றுக்கிழமை பேசியபோது நீ கேட்ட கேள்விக்கு அலைபேசியில் பதில் சொல்லியிருந்தால் அரைகுறையாகத்தான் முடிந்திருக்கும் என்பதால், உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு வந்த நாள் முதலாக மருத்துவமனையின் வருகைப் பட்டியலிலும் கடைகளின் பெயர்ப்பலகைகளிலும் சைக்ஸ், ஹேய், ஆர்மிட்டேஜ், டைசன், லாக்வுட் என்று ஒரு சில பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்றும், இவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தமா, இந்தப் பெயர்களுக்குப் பொருள் ஏதேனும் உண்டா என்றும் கேட்டாய். சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவளிடம் பெயரைப் பற்றிக் கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுமையாகப் படி.

இங்கிலாந்தின் மக்களுக்கு ஆதியில் குடும்பப் பெயர் என்ற ஒன்றே கிடையாது. 1066ஆம் ஆண்டில் நார்மண்டியிலிருந்து வில்லியம் படையெடுத்து வந்து அந்நாட்டைப் பிடிப்பதற்கு முன், அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் ஆல்ஃப்ரெட், காட்வின், எட்வின் என்று ஒற்றைப் பெயரோடு வாழ்ந்து முடித்தார்கள். அந்தப் பழைய பெயர்கள் ஏராளமாக இருந்தன. ஓர் ஊரில் இரண்டு பேருக்கு ஒரே பெயர் அமைவது அவ்வளவாக நேராது. வெற்றி பெற்று வந்த நார்மன்கள் கொண்டுவந்த பெயர்களோ கொஞ்சம்தான்: வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ரோஜர், ஹென்றி, வால்டர். இவற்றோடு ஜான், தாமஸ் என்று திருச்சபை வழங்கிய புனிதர்களின் பெயர்கள் சிலவும் சேர்ந்தன. ஆளுகிறவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம் அல்லவா? சில தலைமுறைக்குள் காட்வின்களும் எட்வின்களும் மறைந்து, ஒரு கிராமத்துக்கு ஆறு ஜான், ஐந்து வில்லியம் என்று ஆகிவிட்டது.

அப்போது திண்டாடியவர், அந்தக் கிராமத்தின் நிலவுடைமைப் பிரபுவினுடைய கணக்கர். வரி கொடுத்த ஜான் யார், அபராதம் கட்டாத ஜான் யார் என்று அவர் பதிவேட்டில் பிரித்துக் காட்டியாக வேண்டும். ஆகவே ஊரார் வாயில் ஏற்கெனவே புழங்கிய அடைமொழியை எடுத்துப் பெயருக்குப் பின்னால் எழுதினார். இதைப் புரிந்துகொள்ள உனக்கு இங்கிலாந்து வரலாறு வேண்டியதில்லை. நம் ஆச்சியின் ஊரில் மாடசாமி என்று தெருவுக்கு நாலு பேர் இருந்ததும், மேலத்தெரு மாடசாமி, கொத்தனார் மாடசாமி, இசக்கி மகன் மாடசாமி, நெட்டை மாடசாமி என்று சொன்னால்தான் ஆள் விளங்கும் என்பதும் உனக்கு நினைவிருக்கும். இருக்கும் இடம், செய்யும் தொழில், பெற்றவர் பெயர், ஆளின் தோற்றமோ குணமோ என்று ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பிறந்த வழிகளும் இந்த நான்குதான். வேறுபாடு ஒன்றே ஒன்று: நம் மாடசாமியின் நெட்டைப் பட்டம் அவரோடு போயிற்று, அவர்களுடையது பேரனுக்கும் போய்ச் சேர்ந்தது.

எப்படிப் போயிற்று என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த அரசனும் ஆணையிடவில்லை. முதலில் வந்தவர்கள் நார்மன் பிரபுக்கள். நார்மண்டியில் தாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரையே அவர்கள் தங்கள் குடும்பத்துக்குச் சூட்டிக்கொண்டார்கள். பெர்சி, நெவில், மார்ட்டிமர் எல்லாம் அப்படி வந்தவை. சாதாரணக் குடியானவரைப் பொறுத்தவரை, அடைமொழி ஆரம்பத்தில் ஆளோடு செத்துப்போயிற்று. தச்சரின் மகன் செம்பட்டைத் தலையனாக இருந்தால் தகப்பனுக்கு ஒரு பெயர், மகனுக்கு இன்னொரு பெயர். ஆனால் நிலம் என்று வந்தபோது நிலைமை மாறியது. அந்தக் காலத்தில் குடியானவருக்குத் தனியாகப் பத்திரம் கிடையாது. பிரபுவின் நீதிமன்றப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கும், அந்தப் பக்கத்தின் நகலே அவருக்குப் பத்திரம். தகப்பன் இறந்தபின் நிலத்தைக் கோரி வருகிற மகனைப் பதிவேட்டில் உள்ள பெயரோடு முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள். பெயர் தொடர்ந்தால் உரிமைக்கு வலு. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்ற வரியைச் சரிபார்த்தே சம்பளம் வாங்கியவள் என்ற முறையில், நிலமும் எழுத்தரின் பேனாவும் சேர்ந்துதான் குடும்பப் பெயரைப் பரம்பரைச் சொத்தாக்கின என்பதை நம்புவதற்கு எனக்குச் சிரமமே இல்லை.

அதன்மேல் வரி வந்தது. 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி விதித்தார்கள். 1379இல் எளியவர்களுக்கு நான்கு பென்னி. 1381இல் அது ஆளுக்குப் பன்னிரண்டு பென்னியாக ஏறியபோதுதான் வாட் டைலரின் தலைமையில் குடியானவர்கள் கிளர்ந்து லண்டனுக்குள் புகுந்தார்கள். டைலர் என்றால் ஓடு வேய்பவர். நீ இருக்கும் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு 1379ஆம் ஆண்டின் வரிப்பட்டியல் நல்ல நிலையில் கிடைத்து, அச்சாகியும் இருக்கிறது. அதில் சிலருக்கு நிலைத்த குடும்பப் பெயர் இருக்கும். சிலரை இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னாருடைய வேலையாள் என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பெயர்கள் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. 1413இல் ஒரு சட்டம், வழக்குகளில் ஒருவரின் பெயரோடு அவருடைய நிலை அல்லது தொழிலையும் ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்றது. நம் பத்திரங்களில் வட்டம், கிராமம், கதவு எண் எல்லாம் எழுதுவதற்கு அண்ணன் முறையாக வேண்டும் அந்தச் சட்டம். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்குக் கோவிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிய வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு முன்பே, ஏறத்தாழ 1400 வாக்கில், தென் இங்கிலாந்தில் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. வடக்கில் சற்றுத் தாமதம்.

இனி உன் ஊர்க்காரர்களுக்கு வருகிறேன். சைக்ஸ் என்பது சிற்றோடையை, எல்லையாக ஓடும் வாய்க்காலைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது. ஓடைக்கரையில் குடியிருந்தவர், அவ்வளவுதான். ஹேய் என்பது வேலியடைத்த நிலம். லாக்வுட் இன்றும் ஹடர்ஸ்ஃபீல்டின் ஒரு பகுதி. நீ பேருந்தில் கடந்து போயிருப்பாய். ஆர்மிட்டேஜ் என்றால் துறவியின் குடில். உன் ஊருக்குத் தெற்கே அப்படி ஒரு குடில் இருந்த இடத்தைச் சுற்றித்தான் அந்தக் குடும்பம் கிளைத்தது, ஆர்மிட்டேஜ் பிரிட்ஜ் என்று அந்த இடத்துக்கே இன்றும் பெயர். பக்கத்து ஹாலிஃபாக்ஸ் பக்கம் போனால் ‘ராய்டு’ என்று முடியும் பெயர்கள் காதில் விழும். காட்டை வெட்டித் திருத்திய நிலத்துக்கு அந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆக்ராய்டு என்றால் கருவாலி மரத் திருத்து, மர்கட்ராய்டு என்றால் மார்கரெட்டின் திருத்து. எந்த மார்கரெட் அந்தக் காட்டை வெட்டினாள் என்று கேட்காதே. அவளுடைய கோடரிச் சத்தம் மட்டும் பெயரில் தங்கிவிட்டது.

உன் முதல் கேள்விக்குப் பதில் சைக்ஸ் பெயரிலேயே கிடைக்கிறது. பிரையன் சைக்ஸ் என்ற ஆக்ஸ்ஃபோர்டு மரபியல் அறிஞர், தன் பெயரைக் கொண்ட, தனக்கு உறவென்று தெரியாத ஆண்களிடம் மாதிரி வாங்கி, தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்லும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. யார்க்‌ஷயரில் ஓடைகளுக்குப் பஞ்சமில்லை. ஓடைக்கொரு சைக்ஸ் தனித்தனியாக முளைத்திருப்பார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பெயரே ஒரே மூதாதையிடமிருந்து தொடங்கியிருக்கக்கூடும் என்று அது காட்டியது. மீதிப் பேருக்கு ஏன் பொருந்தவில்லை என்றால், எழுநூறு ஆண்டுகளில் தத்துப் பிள்ளைகள் உண்டு, தாயின் பெயரைத் தாங்கியவர்கள் உண்டு, ஊர் அறியாத தகப்பன்களும் உண்டு. ஆகவே உன் வார்டில் படுத்திருக்கும் இரண்டு சைக்ஸ்கள் எட்டிய பங்காளிகளாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு ஸ்மித்துகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் கொல்லுலை இல்லாத ஊரே இல்லை.

டைசன் என்ற பெயரைத் தூசி உறிஞ்சும் கருவியில் பார்த்திருப்பாய். அந்த ‘சன்’ மகன் என்பது தெரிந்ததே; ‘டை’ யார் என்பதுதான் சுவை. டயனீசியா என்ற பெண்பெயரின் செல்லச் சுருக்கம் அது. உன் ஊருக்கு மேற்கே லின்த்வெயிட் என்ற கிராமத்தில் 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த டயனீசியா என்ற பெண்மணியிடமிருந்து அந்த வட்டாரத்து டைசன்களின் பெயர் தொடங்குகிறது. தாயின் பெயரில் கிளைத்த குடும்பங்கள் அங்கே ஒன்றிரண்டல்ல. டில்லட்சன் என்பது மட்டில்டாவின் மகன், இபட்சன் என்பது இசபெல்லின் மகன், மாரியட் என்பது மேரியின் பிள்ளை. இப்படிப்பட்ட பெயரைக் கண்டதும் தகப்பன் தெரியாத பிள்ளை என்று முடிவு கட்டுவது தவறு. விதவையாகிக் குடும்பத்தைத் தாங்கியவள், தன் பெயரில் நிலம் வைத்திருந்தவள் என்று வரி கட்டியவள் பெண்ணாக இருந்தால் கணக்கர் அவள் பெயரைத்தான் எழுதுவார்.

தகப்பன் பெயரால் வந்தவை எண்ணிலடங்கா. அவற்றில் செல்லப்பெயர்களின் விளையாட்டைத் தெரிந்துகொண்டால் போதும். ராபர்ட்டை ராப் என்று சுருக்கினார்கள். அதோடு நிற்காமல் எதுகை போட்டு ஹாப், டாப் என்றும் கூப்பிட்டார்கள். ஆகவே ராபர்ட்சன், ராபின்சன், ஹாப்சன், ஹாப்கின்ஸ், டாப்சன் எல்லாரும் ஏதோ ஒரு ராபர்ட்டின் பிள்ளைகள். ரிச்சர்ட் ரிக் ஆனார், ஹிக் ஆனார், டிக் ஆனார். ரிச்சர்ட்சன், ஹிக்சன், டிக்சன் வந்தார்கள். ரோஜரை ஹாட்ஜ் என்றார்கள், ஹாட்ஜ்சன் வந்தார். வால்டரை அன்றைக்கு வாட்டர் என்று உச்சரித்தார்கள், அதனால் வாட்சன். வடக்கில் ‘சன்’ ஒட்டிய இடத்தில் தெற்கிலும் மேற்கிலும் வெறும் ‘ஸ்’ போதும் என்று வில்லியம்ஸ், ராபர்ட்ஸ் என்று நிறுத்திக்கொண்டார்கள். வேல்ஸ் நாட்டு வழக்கம் நம்முடையதைப் போலவே நெடுங்காலம் இருந்தது: இன்னார் ‘ஆப்’ இன்னார், அதாவது இன்னார் மகன் இன்னார். 16ஆம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி வேல்ஸை இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவந்தபின், ஆப் ரீஸ் என்பவர் பிரைஸ் ஆனார், ஆப் ஹவெல் பவல் ஆனார், ஆப் ஹாரி பாரி ஆனார். மீதி ஜனம் தகப்பனின் ஜானை ஜோன்ஸ் ஆக்கியும், டேவிட்டை டேவிஸ் ஆக்கியும் எழுதிக்கொண்டதில், தெருவெல்லாம் ஜோன்ஸ் ஆகி, பால்கார ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ் என்று மறுபடி அடைமொழி வைக்க வேண்டியதாயிற்று.

ஊர்ப்பெயரால் வந்தவற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓர் ஊரின் பெயர், அந்த ஊரைவிட்டு வெளியேறியவருக்குத்தான் ஒட்டும். உள்ளூரில் இருக்கும்வரை எல்லாரும் அந்த ஊர்க்காரர்களே, அதனால் யாரையும் பிரித்துக் காட்ட அது உதவாது. நீ இங்கே இருந்தவரை உன்னைப் பாளையங்கோட்டைக்காரன் என்று யார் சொன்னார்கள்? அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவருடைய முன்னோர், வடகிழக்கு இங்கிலாந்தில் டர்ஹம் பகுதியிலுள்ள வாஷிங்டன் என்ற கிராமத்தால் பெயர் பெற்றார்கள். 12ஆம் நூற்றாண்டில் அங்கே குடிபெயர்வதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு ஹார்ட்பர்ன் என்ற வேறோர் ஊரின் பெயர் இருந்தது. பழைய ஊரிலேயே தங்கியிருந்தால் அமெரிக்கத் தலைநகரின் பெயர் என்னவாகியிருக்கும் என்று உன் அப்பா கேட்கிறார். ஸ்காட், பிரெஞ்சு, ஃபிளெமிங், வால்ஷ் போன்றவை வெளிநாட்டார் என்று சுட்டியவை. நாஷ் என்ற பெயரில் உள்ள ‘ந்’ பெயருக்கே உரியதன்று. ‘ஆஷ் மரத்தடியில்’ என்று சொல்லும்போது முன்சொல்லின் கடைசி எழுத்து மரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

இன்னொன்று. ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், சைட்பாட்டம் என்று நோயாளி எவரேனும் வந்தால் சிரித்துவிடாதே. அந்தப் பக்கத்தில் ‘பாட்டம்’ என்பது பள்ளத்தாக்கு. பெயரைத் தாங்கியவர்கள் பள்ளிக்கூட நாள் முதல் கேலி கேட்டுச் சலித்தவர்கள். சிலர் அதைச் ‘சிடிபட்டோம்’ என்று நீட்டி உச்சரிக்கச் சொல்வார்கள் என்று கேள்வி, சொன்னபடியே கூப்பிட்டுவிடு. எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லாத பெயர்களும் உண்டு: சோல்மாண்ட்லி என்று எழுதிச் சம்லி என்பார்கள், ஃபெதர்ஸ்டன்ஹா என்று எழுதி ஃபான்ஷா என்பார்கள். ழகரம் வராதவர்களை நாம் கேலி செய்வதை நிறுத்தலாம் என்று தோன்றுகிறது.

தொழிற்பெயர்களைப் பற்றி நிறையச் சொல்ல ஆசை. ஸ்மித் என்றால் உலோகம் அடிப்பவர். இங்கிலாந்தில் மிக அதிகமானோர் தாங்கும் பெயர் அதுதான். உழவர்களே நிறைந்த நாட்டில் உழவரைக் குறிக்கும் பெயர் ஏன் முதலிடத்தில் இல்லை என்றால், எல்லாரும் உழும் ஊரில் ‘உழவர் ஜான்’ என்று சொல்லி யாரை அடையாளம் காட்ட முடியும்? ஊருக்கு ஒருவராக இருந்த கொல்லர், ஆலைக்காரர், சமையற்காரர், தையற்காரர் ஆகியோருக்குத்தான் அந்த அடைமொழி பயன்பட்டது. ஃபார்மர் என்ற பெயர்கூட முதலில் விவசாயியைக் குறித்ததன்று, வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்தவரைக் குறித்தது. ரைட் என்றால் மரவேலை செய்து உருவாக்குபவர். வண்டி செய்தவர் கார்ட்ரைட், மாவுப் பெட்டி செய்தவர் ஆர்க்ரைட். அம்பு செய்தவர் ஃபிளெட்சர். மாட்டிடையர் கௌவர்ட், அந்தப் பெயரைக் கோழை என்று படித்துவிடாதே. எருசலேம் யாத்திரை போய்க் குருத்தோலையோடு திரும்பியவர் பாமர். எசெக்ஸ் பகுதியில் பன்றி அறுத்தவருக்கு ‘பன்றி கொல்லி’ என்று ஊரார் வைத்த பெயர்தான், இன்று காலை உணவுப் பெட்டியில் நீ பார்க்கும் கெல்லாக்.

உன் ஊர் நெசவு ஊர் என்பதால் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கும்போது தொளதொளவென்று, ஆட்டுக் கொழுப்பின் பிசுக்கோடு இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் கலந்த நீரை ஊற்றி, வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கித் துணி கனத்துவிடும். பிறகு அலசி, வெளியில் சட்டங்களில் கொக்கி மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அந்த வேலையைச் செய்தவருக்கு வடக்கில் வாக்கர் என்று பெயர், தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். ஒரே தொழில், ஒரே நாற்றம், மூன்று பெயர்கள்; இன்றும் அந்தந்தத் திசையில்தான் அந்தந்தப் பெயர் அதிகம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச்சுத்தியல்கள் வந்து அந்தக் கால்களுக்கு ஓய்வு கொடுக்கத் தொடங்கிவிட்டன. பெயர் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. சாயம் தோய்த்தவர் வடக்கில் லிஸ்டர். நெய்தவர் தெற்கில் வெப், வடக்கில் வெப்ஸ்டர். வெப்ஸ்டர், பாக்ஸ்டர், புரூஸ்டர் ஆகியவற்றின் ‘ஸ்டர்’ ஈறு பழைய ஆங்கிலத்தில் பெண்ணைக் குறித்தது. நெசவும் ரொட்டி சுடுவதும் மது வடிப்பதும் யார் கையில் இருந்தன என்பதற்கு அந்த ஈறே சாட்சி, பின்னாளில் ஆண்களும் அதைத் தாங்கினார்கள் என்றாலும்.

இந்த இடத்தில் நீ கேட்காமலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலால் பெயர் என்றதும் நம்மவர்களுக்குச் சாதி நினைவுக்கு வரும், வந்தது, எனக்கும். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது, தமிழ்நாட்டில் பலரும் பெயரின் வாலை அறுத்தெறிந்தார்கள். அங்கே அறுக்க வேண்டிய தேவை எழவில்லை, ஏனென்றால் பெயர் தொழிலைக் கட்டிப்போடவில்லை. கவிஞர் சாசரைப் பார். அந்தப் பெயருக்குக் காலணி, காலுறை செய்பவர் என்று பொருள். அவருடைய தகப்பன் லண்டனில் திராட்சை மது வணிகர். கவிஞரோ 1374இல் சுங்கத்துறை அதிகாரியானார். பெயர் கெட்டிப்பட்ட அந்த நூற்றாண்டிலேயே தொழில் அதைவிட்டுக் கழன்றுவிட்டது. வாக்கர் வீட்டில் பெண் எடுக்க மாட்டோம், அவர்கள் துணி மிதித்தவர்கள் என்று யாரும் அங்கே சொன்னதில்லை.

அதற்காக ஆங்கிலப் பெயர்கள் ஏற்றத்தாழ்வு அறியாதவை என்றும் எண்ணிவிடாதே. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர் பதிவேடுகளை நூற்றாண்டு நூற்றாண்டாக ஆராய்ந்தவர்கள், நார்மன் குலப் பெயர்கள் அவற்றின் மக்கள்தொகைப் பங்குக்கு மேலாகவே அங்கே நெடுங்காலம் தென்பட்டன என்று கண்டிருக்கிறார்கள். இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. உன்னோடு வேலை செய்யும், வெஸ்ட் இண்டீஸ் வம்சாவளிச் செவிலியர்கள் வில்லியம்ஸ், கேம்பல் என்று பெயர் தாங்கியிருப்பார்கள். அவற்றுள் பல, கரும்புத் தோட்டங்களில் அவர்களுடைய முன்னோரை அடிமையாக வைத்திருந்தவர்களின் பெயர்களிலிருந்து வந்தவை. 1833ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைமுறையை ஒழித்தபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அது முழுவதும் உடைமையாளர்களுக்கு, அடிமைப்பட்டவர்களுக்கு ஒரு காசும் இல்லை. ஆகவே பெயரின் பொருளைத் தெரிந்துகொண்ட மகிழ்ச்சியில் எல்லாரிடமும் போய் உங்கள் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிடாதே.

தோற்றத்தாலும் குணத்தாலும் வந்த பட்டப்பெயர்களில் பிரவுன், வைட், லாங், ஆர்ம்ஸ்ட்ராங் எல்லாம் விளக்கம் வேண்டாதவை. ரீட், ரஸல் இரண்டும் செம்பட்டைத் தலை. கிங், பிஷப் என்ற பெயருள்ளவர்கள் அரச வம்சமோ ஆயர் வம்சமோ அல்லர். திருவிழா நாடகத்தில் அந்த வேடம் கட்டியவர்களோ, அந்த மாளிகையில் வேலை பார்த்தவர்களோ, மிடுக்கு காட்டிக் கேலிக்கு ஆளானவர்களோதான். உண்மையான அரச குடும்பத்துக்கு நிலையான குடும்பப் பெயர் கிடைத்தது மிகப் பிந்தி, 1917இல்தான். முதல் உலகப் போரில் ஜெர்மனியோடு சண்டை நடக்கும்போது சாக்ஸ்-கோபர்க்-கோத்தா என்ற ஜெர்மன் பெயர் உறுத்தவே, ஐந்தாம் ஜார்ஜ் தம் கோட்டையின் பெயரை எடுத்து விண்ட்சர் என்று அறிவித்தார். உறவினரான பாட்டன்பர்க் குடும்பம் ‘பர்க்’ என்ற மலையை ஆங்கிலத்தில் பெயர்த்து மவுண்ட்பாட்டன் ஆயிற்று. நம் நாட்டின் கடைசி வைஸ்ராய் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

கடைசியாக, உங்கள் பிள்ளையின் பெயர். குழந்தை பிறந்து 42 நாட்களுக்குள் பதிவாளரிடம் போக வேண்டும், அவர் குடும்பப் பெயர் என்ன என்று கேட்பார். உன் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் அந்தக் கட்டத்தில் இருப்பதால்தான், அங்கே எல்லாரும் உன்னை மிஸ்டர் சிவராமன் என்கிறார்கள். உன் அப்பாவுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான், மறுப்பதற்கில்லை. நம் முறைப்படி எழுதினால் குழந்தைக்குக் குமரன் என்பது குடும்பப் பெயராகும். அப்போது ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பெயர்கள், பள்ளிக்கூடம் முதல் விமான நிலையம் வரை விளக்கம் சொல்லியே நேரம் போகும். சிவராமன் என்றே தொடர்ந்தால் காகித வேலை எளிது. பதிவாளராக இருந்தவள் என்ற முறையில் என் யோசனை அதுதான், மாமனார் பெயர் என்று தேன்மொழி தயங்காவிட்டால். அவள் பெயரை வைக்கலாம் என்று நீங்கள் இருவரும் நினைத்தாலும் அந்நாட்டுச் சட்டத்தில் தடையில்லை. லின்த்வெயிட்டின் டயனீசியா அந்த வழியைப் போட்டு எழுநூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன.

எந்தப் பெயராக இருந்தாலும், எத்தனை எழுத்து, எந்த எழுத்து என்பதை வீட்டிலேயே தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அங்குள்ள பதிவாளருக்குச் சிவராமன் என்பது காதால் கேட்டு எழுதக்கூடிய பெயர் அன்று. கையெழுத்துப் போடுவதற்கு முன் பதிவை எழுத்தெழுத்தாகப் படித்துப் பார். அப்புறம் திருத்தம் கேட்டால், பழைய பிழை அப்படியே இருக்க, ஓரத்தில்தான் குறிப்பு எழுதுவார்கள்.

அன்புடன்,
அம்மா